மாலத்தீவின் மீனவர் தீவில் குடும்பத்தோடு ஐந்து நாள்: படகை முதலில் பாருங்கள்

கேள்வி: ரிசார்ட் வேண்டாம், மாலத்தீவில் மீனவர்கள் வாழும் அமைதியான சின்னத் தீவு ஒன்றில் ஏப்ரல், மே விடுமுறையில் ஐந்து நாள் தங்க ஆசை. பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, நாலு வயது. கூட வரும் மாமியார் சுத்த சைவம். சரிப்படுமா? எந்தத் தீவு? (திருநெல்வேலி வாசகி)

பதில்: தாராளமாகப் போகலாம். ஊர் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த 2009க்குப் பிறகுதான் வழி பிறந்தது, அதுவரை வெளிநாட்டார் தங்குவதெல்லாம் ரிசார்ட் தீவுகளில்தான். இப்போது நூற்றுக்கணக்கில் கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன. ஆனால் எல்லோரும் ரூம் படங்களைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, படகைக் கடைசியில் யோசிக்கிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் படகு, அப்புறம் விமானம், கடைசியில் ரூம்.

ஏன் என்றால், மாலே விமான நிலையமே ஒரு தீவு, வாசலைத் தாண்டினால் படகுத்துறை. ஸ்பீட் போட்டுகள் குறித்த நேரத்துக்குத்தான் கிளம்பும், இருட்டினால் பெரும்பாலும் ஓடாது. உங்கள் விமானம் மாலையில் இறங்கினால் அன்றைய கடைசிப் படகு போயிருக்கும், சாலை வழியே போகக்கூடிய ஹுல்ஹுமாலே என்ற பக்கத்துத் தீவில் ஓர் இரவு வீணாகத் தங்க வேண்டியிருக்கும். உங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம், அங்கிருந்து பறக்கும் நேரம் சுமார் ஒன்றேகால் மணிதான். மதியத்துக்குள் இறங்குகிற மாதிரி டிக்கெட் பாருங்கள். பொதுப் படகு மலிவு, ஆனால் மெதுவாகப் போகும், தினமும் கிடையாது. வெள்ளிக்கிழமை எதையும் நம்பாதீர்கள். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் கடைகளும் அடைத்திருக்கும்.

தீவு என்று கேட்டால் ஃபுலிதூவைச் சொல்வேன். மாலேவுக்குத் தெற்கே வாவு அடோலில் (அடோல் என்பது வளையமாக அமைந்த பவளத் தீவுக் கூட்டம்) இருக்கிறது, ஸ்பீட் போட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே, அரை மணியில் ஊரையே சுற்றி வந்துவிடலாம். மாஃபுஷி இன்னும் பக்கம்தான், ஆனால் அங்கே கூட்டம், நீங்கள் கேட்ட அமைதி கிடைக்காது. ஃபுலிதூவுக்குப் போகும் வழியில் இரண்டு அடோல்களுக்கு நடுவே திறந்த கடலைத் தாண்ட வேண்டும், அங்கே படகு தூக்கிப் போடும். மாமியாரை முன்பக்கம் உட்கார வைக்காதீர்கள், பின்பக்க இருக்கைதான் இடுப்புக்கு நல்லது. மே நடுவிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிடும் என்பதால், ஏப்ரலிலேயே போய்விடுங்கள்.

இனி சாப்பாடு. இதுதான் உங்கள் உண்மையான சிக்கல். காலைப் பலகாரமான மாஸ் ஹுனி என்பது சூரை மீனையும் தேங்காய்த் துருவலையும் வெங்காயத்தோடு பிசைந்தது, மாலை டீக்கடைப் பலகாரங்களில் பெரும்பாலானவற்றுக்குள்ளும் மீன்தான். பார்க்கக் காய்கறி போலத் தெரியும் கறியில்கூட மாசி விழுந்திருக்கும், நம் ஊரில் மாசிக் கருவாடு என்று விற்கிறார்களே, அதுவேதான். அதனால் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதாமல், மீன், மாசி, முட்டை எதுவும் கூடாது என்று பிரித்து முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பருப்புக் கறி, ரொஷி என்ற சப்பாத்தி, சோறு, தேங்காய் எங்கும் கிடைக்கும். காய்கறி பெரும்பாலும் இறக்குமதி (தூத்துக்குடியிலிருந்தும் சரக்குத் தோணிகள் மாலேவுக்குப் போகின்றன), எனவே சின்னத் தீவில் வகை குறைவு. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போனால் மாமியாருக்குக் கவலையில்லை.

அவருக்கு இன்னொன்றும் சொல்லிவிடுங்கள், வழிபாட்டுக்கான விக்கிரகங்களைக் கொண்டுவர அந்த நாட்டுச் சுங்கத்தில் தடை இருக்கிறது. பூஜைச் சிலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். மதுவும் பன்றி இறைச்சியும் தடைதான்.

கடலில் பிள்ளைகளுக்குக் கரையோர லகூன் (பவளப்பாறைக்கு உட்பக்கம் இருக்கும் அமைதியான கடல்) போதும், தரை தெரியும் ஆழம். பவளப்பாறை முடியும் இடத்தில் சட்டென்று ஆழம் இறங்கும், நீரோட்டமும் உண்டு, உயிர்காப்பாளர் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். சின்னவருக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இங்கிருந்தே வாங்கிப் போங்கள், காலுக்கு ரப்பர் ஷூ. ஃபுலிதூவில் திருக்கை மீன்கள் முழங்கால் தண்ணீருக்கே வரும். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள், விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வால் முள் பாயும்.

சாயங்காலம் துறைமுகத்துக்குப் போங்கள். இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னிய ஜோலி என்ற இருக்கைகளில் பெரியவர்கள் சாய்ந்திருப்பார்கள். மீன் பிடிப்பதைப் பார்க்க ஆசை என்றால் கெஸ்ட் ஹவுஸிலேயே மாலை நேரத் தூண்டில் பயணம் ஏற்பாடு செய்வார்கள். அவர்களுடைய நிஜத் தொழில் வேறு: விடியலில் சின்ன மீன்களை உயிரோடு பிடித்துப் படகுத் தொட்டியில் வைத்து, சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை வீசி, தண்ணீரைப் பீய்ச்சி, எதிர்முள் இல்லாத கொக்கி மாட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். சூரைக்கு வலை கிடையாது. அதற்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது, நாள் முழுக்க ஆகும்.

உடை விஷயத்தில், பிகினி பீச் என்று ஒதுக்கிய இடம் தவிர மற்ற எங்கும் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான், ஊர்த் தெருவில் சட்டையில்லாமல் நடக்கக் கூடாது.

செலவில் பலர் விட்டுவிடுவது பசுமை வரி. 50 அறைக்கு மேற்படாத கெஸ்ட் ஹவுஸில் 2025 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், நாலு வயதுப் பிள்ளைக்கும் உண்டு. ஐந்து பேர் ஐந்து நாளுக்கு 150 டாலர் ஆகிறது, அறை வாடகை மீது ஜிஎஸ்டி 17 சதவீதம் தனி. சொல்கிற விலையில் இவை அடக்கமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், கையில் கொஞ்சம் டாலர் நோட்டு இருக்கட்டும். இந்தியருக்கு விசா இறங்கியதும் இலவசம். இமூகா என்ற பயணப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், அதற்கும் கட்டணமில்லை, காசு கேட்கிற தளம் என்றால் அது அரசுத் தளமல்ல. திரும்பும்போது பிள்ளைகளின் பைகளை ஒருமுறை பாருங்கள், பவளத் துண்டோ சங்கோ இருந்தால் விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அபராதமும் வரலாம்.