மூன்றாவது மணி நேரத்தில் கை நழுவும் ஆட்டம்

கேள்வி: எனக்கு வயது 34. வார இறுதி ரேட்டிங் செஸ் போட்டிகளில் ஆடுகிறேன். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். முதல் இரண்டு மணி நேரம் நன்றாகப் போகிறது. அதன் பிறகு, ஜெயிக்க வேண்டிய நிலையில்கூட ஒரு காயை இனாமாகக் கொடுத்துவிடுகிறேன். ஆட்டம் முடியும்வரை கவனம் கலையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– நாமக்கல் வாசகர் ஒருவர்

பதில்: நான்கு மணி நேரம் கவனம் கலையாமல் இருப்பது எவராலும் ஆகாத காரியம். அப்படி இருந்தே தீர வேண்டும் என்று முயல்வதால்தான் நீங்கள் களைத்துப்போகிறீர்கள் என்பது என் கணிப்பு. கலைந்த கவனத்தைச் சரியான நேரத்தில் திரும்ப அழைத்துவரப் பழகினால் போதும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கால அளவில் 60 நகர்த்தல் வரை போகும் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அதாவது மொத்த நேரத்தில் பாதிவரை எதிராளி யோசிக்கும் நேரம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பலர் அப்போதும் 'அவர் இப்படி ஆடினால் நான் அப்படி' என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பலகைக்கு வராமலே போகும். உழைப்பு வீண், களைப்பு மட்டும் மிச்சம். எதிராளியின் நேரத்தில் பொதுவான விஷயங்களை மட்டும் பாருங்கள்: எந்தக் காய் சும்மா கிடக்கிறது, எந்தக் காய்களை வெட்டி மாற்றினால் நல்லது, யானைகள் மட்டும் மிஞ்சினால் யார் கை ஓங்கும். நுணுக்கமான கணக்கை உங்கள் கடிகாரம் ஓடும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

எழுந்து நடப்பதும் நல்லதுதான். உங்கள் முறை வந்த பிறகு நடுவரின் அனுமதி இல்லாமல் ஆடும் பகுதியை விட்டு வெளியேறக் கூடாது என்பது விதி. எனவே எதிராளி யோசிக்கும்போதே எழுந்துவிடுங்கள். ஆனால், திரும்பி வந்து உட்காரும் அந்த நிமிடம் மிகவும் ஆபத்தானது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டி. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஏ5 என்ற கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ள வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். பக்கத்துப் பலகைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். எதிராளி ஆடியிருந்தார். உட்கார்ந்த பத்தாவது விநாடியில் சிப்பாயைத் தள்ளினேன். அவருடைய குதிரை டி4-க்கு வந்திருந்ததைக் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. அடுத்த நகர்த்தலில் அது இ2-க்குத் தாவியது. ஜி1-ல் இருந்த என் ராஜாவுக்குச் செக், சி1-ல் இருந்த யானைக்கும் குறி. மூன்று மணி நேர உழைப்பு அதோடு போயிற்று.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன், என்னிடம் பயில்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். எதிராளி ஆடியதும் முதல் வேலையாக அவருடைய நகர்த்தலை ஸ்கோர்ஷீட்டில் எழுதுங்கள். பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விதி இதை அனுமதிக்கிறது. பேனாவைக் கீழே வைத்த பிறகு, அந்தக் காய் இப்போது எதைக் குறிவைக்கிறது, எந்த இடத்தைக் காவல் இல்லாமல் விட்டு வந்திருக்கிறது என்று பாருங்கள். அதுவரை கை மடியிலேயே இருக்கட்டும். உங்கள் நகர்த்தலையும் முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஆடும் பழக்கம் முன்பு இருந்தது. இப்போது அது விதிமீறல், செய்யாதீர்கள்.

எதிர்பாராத நகர்த்தல் வந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். எதிர்பார்த்தது வரும்போதும், ஒரு காயை வென்று மூச்சு விடும்போதும்தான் மனம் அசந்துபோகும். ஜெயிக்கும் நிலையிலிருந்து தோற்பதாக எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் சிக்கலும் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலை. 55-வது நகர்த்தலில், வெள்ளையில் ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். யானைகளையும், மூலையில் மாட்டிக்கொண்ட மந்திரியையும் வெட்டி மாற்றி, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் நிலைக்குக் கொண்டுபோனால் கறுப்பில் ஆடிய குகேஷுக்கு வெற்றி. அவருக்கும் இது உடனே தெரியவில்லை. யானையை பி3-க்கு நகர்த்தப் போன நேரத்தில்தான் கண்ணில் பட்டது என்று பிறகு சொன்னார். இத்தனை நேரம் ஆடிய பிறகும் நின்று இன்னொரு முறை பார்த்தார். 58-வது நகர்த்தலுடன் ஆட்டம் முடிந்தது. நான் உங்களிடம் கேட்பதும் அந்த இன்னொரு முறையைத்தான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதியச் சுற்றுக்கு முன் வயிறு முட்டச் சாப்பிட்டால் மூன்று மணிக்குக் கண் சொக்கும். பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு, வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள்.

பயிற்சியில் ஒரு மாற்றம் கட்டாயம் வேண்டும். மொபைலில் ஆடும் மூன்று நிமிட ஆட்டங்கள், பார்த்தவுடன் ஆடிவிடக் கையைப் பழக்குகின்றன. போட்டிக்கு முந்தைய வாரம் அவற்றை அறவே நிறுத்துங்கள். அதற்குப் பதில், நிஜமான பலகையில் ஒரே ஒரு கடினமான நிலையை அடுக்கிவைத்து, மொபைலை அடுத்த அறையில் போட்டுவிட்டு, 30 நிமிடம் உட்காருங்கள். முதல் பத்து நிமிடத்தில் மனம் ஓடும். ஓடட்டும், பிடித்து இழுத்து வந்து மறுபடி பலகையைப் பாருங்கள். போட்டியில் உங்களுக்குத் தேவைப்படும் வேலையே அதுதான்.

அடுத்த போட்டி முடிந்ததும் எல்லா ஸ்கோர்ஷீட்டுகளையும் வரிசையாக வையுங்கள். காயைக் கோட்டைவிட்ட ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் செலவழித்தீர்கள், அதற்குச் சற்று முன் பலகையில் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். களைப்பு எந்த இடத்தில், அசட்டை எந்த இடத்தில் என்று சேர்ந்தே பார்க்கலாம்.