பதில்: 20 நிமிடக் குறும்படத்துக்கு ஏற்ற அமானுஷ்யக் கதை

வணக்கம். ஒரே சாலை, ஓர் இரவு, மூன்று நடிகர்கள், கிராஃபிக்ஸுக்குக் காசில்லை என்கிறீர்கள். லிஃப்ட் கேட்டு ஏறி பின்சீட்டிலிருந்து மறையும் பெண் கதையை விட்டுவிடுங்கள். பெண் கை காட்டியதுமே பார்ப்பவருக்கு முடிவு தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 'பச்சை மனிதன்' என்றொரு கதை உண்டு. முகமே இல்லாத ஒருவன் இரவில் நெடுஞ்சாலையில் நடப்பானாம், உடம்பு பச்சையாக ஒளிருமாம். இதில் விசேஷம், அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தார். 1919-ல், எட்டு வயதில், பாலத்தில் ஏறியபோது மின்கம்பி தாக்கி கண்களையும் மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். பகலில் ஜனங்கள் மிரள்வார்கள் என்று ராத்திரியில்தான் உலாவப் போவார், கையில் ஊன்றுகோலோடு. இளவட்டங்கள் அவரைப் பார்ப்பதற்கென்றே கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். சிலர் சிகரெட்டும் பீரும் கொடுத்துப் பேசினார்கள், சிலர் கொடுமை செய்தார்கள். 1985-ல் காலமானார்.

காரிலிருக்கும் பையன்களின் கண் வழியாகவே படத்தைத் தொடங்குங்கள். முகத்தைக் காட்டவே வேண்டாம். மேக்கப் செலவும் மிச்சம். தார்ச்சாலையில் கோல் தட்டும் சத்தம், இருட்டில் ஒரு சிகரெட் நெருப்பு, அவ்வளவுதான். பாதியில் கேமராவை அவர் பக்கம் மாற்றிவிடுங்கள். பின்னால் ஒரு கார் வேகத்தைக் குறைக்கிறது. உள்ளே இருப்பவன் சிகரெட் நீட்டப்போகிறானா, கல்லை எறியப்போகிறானா என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு அந்த இடம்தான் பயம்.

படத்தில் அவருடைய நிஜப் பெயரை மட்டும் வைக்காதீர்கள். வாழ்ந்த மனிதர், பாவம்.