25,000 ரூபாய் ஓவியம் விற்றால் கையில் எவ்வளவு?

கேள்வி: நான் மதுரையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்து வருடமாக அக்ரிலிக்கில் வரைகிறேன். சென்னையில் ஒரு கேலரி என் ஆறு ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருக்கிறது. "40 சதவீதம் கமிஷன், ஜிஎஸ்டி தனி" என்கிறார்கள். எனக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. வாங்கியாக வேண்டுமா? 25,000 ரூபாய் ஓவியம் ஒன்று விற்றால் எனக்கு என்ன மிஞ்சும்?

பதில்: எண் வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆறு ஓவியங்களும் விற்றாலும் ஒன்றரை லட்சம்தான். உங்கள் பென்ஷன் இந்தக் கணக்கில் வராது. ஆனால் வீட்டில் ஓவிய வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்கினால் அது சேவை. அப்போது வரம்பு 20 லட்சமாகக் குறையும். அதுவும் உங்களுக்கு எட்டாத உயரம்தான், விடுங்கள்.

குழப்பம் "ஜிஎஸ்டி தனி" என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. எந்த ஜிஎஸ்டி? இங்கே இரண்டு உண்டு. ஒன்று ஓவியத்தின் மீது, வாங்குகிறவர் கொடுப்பது. கையால் வரைந்த ஓவியத்துக்கு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். இன்னொன்று கேலரியின் கமிஷன் மீது. அது உங்களுக்கு அவர்கள் செய்யும் சேவை, 18 சதவீதம். கொடுக்க வேண்டியவர் நீங்கள். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். உங்கள் பையைக் கடிப்பது இரண்டாவது.

கணக்கைப் பாருங்கள். விலை 25,000. கமிஷன் 10,000. அதன் மீது 18 சதவீதம் 1,800. உங்கள் கைக்கு வருவது 13,200. நாற்பது சதவீதம் என்று சொன்னது நடைமுறையில் நாற்பத்தேழைத் தாண்டிவிட்டது. பதிவு பெற்ற வியாபாரி அந்த 1,800-ஐ, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார், உங்களால் முடியாது.

அதையே கேலரி உங்களிடமிருந்து 15,000-க்கு வாங்கி, தன் சரக்காக 25,000-க்கு விற்றால் கமிஷன் என்ற பேச்சே இல்லை, 1,800-ம் இல்லை. முழு 15,000 உங்களுக்கு. காசைப் போட்டு வாங்க எல்லா கேலரியும் முன்வராது என்பது வேறு விஷயம். அப்படியானால் "40 சதவீதம், வரி உட்பட" என்று பேசிப் பாருங்கள். கேட்டுப் பார்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. கேலரியே பதிவு பெறாத சிறிய இடமாக இருந்தால் அவர்கள் ஜிஎஸ்டி கேட்கவே கூடாது. அவர்களின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, பில் யார் பெயரில்? உங்கள் பெயரில் போனால், பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது. வாங்குகிறவர் 25,000 மட்டும் கொடுப்பார். பதிவு பெற்ற கேலரி தன் பெயரில் பில் போட்டால் 5 சதவீதம் சேர்த்து 26,250. அந்த 1,250-ஐக் கட்டுவது அவர்கள் பொறுப்பு, உங்கள் பங்கில் கழிக்கக் கூடாது. உங்கள் பெயரில் பில் போட்டு, எண்ணும் இல்லாமல், ஐந்து சதவீதம் வாங்குவது தப்பு. பின்னால் நோட்டீஸ் வந்தால் பில்லில் இருக்கும் பெயரைத்தான் தேடி வரும்.

ஓவியங்களை மதுரையிலிருந்து அனுப்பும்போதே வரி வருமா என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. காட்சிக்காக கேலரிக்கு அனுப்புவது விற்பனை ஆகாது, வாங்குகிறவர் ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் விற்பனை நடக்கிறது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சுற்றறிக்கையில் தெளிவாக்கிவிட்டது. ஆறு ஓவியங்களின் பெயர், அளவு, விலை எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கேலரியின் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓவியம் தொலைந்தாலோ கிழிந்தாலோ இந்தத் தாள்தான் பேசும்.

நாளைக்கு பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தால் விதி மாறும். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். ஆனால் கைவினைப் பொருளுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் கையால் வரைந்த ஓவியமும் இருக்கிறது. தஞ்சாவூர், மைசூர் ஓவியங்கள் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. இந்த விலக்குக்குப் பான் எண்ணும், ஓவியத்தின் மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் இ-வே பில்லும் (சரக்கை அனுப்பும் முன் ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும். நவீன பாணி ஓவியம் என்றால், அது கைவினைப் பொருளில் சேருமா என்று போவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் ஓவியத்தை டிஜிட்டலில் அச்சடித்து விற்பதற்கு இந்த விலக்கு பொருந்தாது. அது கையால் வரைந்ததே அல்ல.

சிலர் "எண் வாங்கிக்கொண்டால் 1,800 திரும்பக் கிடைக்குமே" என்பார்கள். முழுதாக அல்ல, ஓவியத்தின் மீது நீங்கள் வசூலிக்கும் 1,250 வரை கழித்துக்கொள்ளலாம். கூடவே ஒரு படமும் விற்காத மாதங்களுக்கும் ரிட்டர்ன் தாக்கல், தவறினால் தாமதக் கட்டணம், ஆடிட்டர் செலவு. வருடத்துக்கு நாலைந்து ஓவியம் விற்பவருக்கு என் யோசனை: வேண்டாம்.

வருமான வரி வேறு கணக்கு. அதில் வரவு 25,000, கமிஷனும் அதன் வரியும் செலவு. வண்ணம், கேன்வாஸ் ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். கேலரி உங்களுக்குத் தரும் கமிஷன் பில் இதற்காகவும் வேண்டும்.

கடைசியாக ஃபிரேம். ஒரு ஓவியத்துக்கு 3,000 ரூபாய் ஃபிரேம் போட்டிருந்தால், கமிஷன் 25,000-க்கா, ஃபிரேமைக் கழித்த 22,000-க்கா? இரண்டாவது என்றால் கமிஷன் 8,800. வரியோடு சேர்த்து உங்களுக்கு 1,416 ரூபாய் மிச்சம். விற்ற பின் எத்தனை நாளில் பணம், விற்காத ஓவியத்தைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதோடு இதையும் முதல் போனிலேயே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள்.