வாசகர் கேள்வி: பசுமைக் கட்சியிலிருந்து நேட்டோ வரை

கேள்வி: பின்லாந்தின் பசுமைக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான பெக்கா ஹாவிஸ்தோ, 2022 மே மாதம் வெளியுறவு அமைச்சராக நேட்டோ விண்ணப்பக் கடிதத்தில் கையெழுத்திட்டார். சூழலியல்வாதி ஒருவர் ராணுவக் கூட்டணியை நாடியது கொள்கைப் பிறழ்வு ஆகாதா?

பதில்: அவரது நெடிய பொதுவாழ்வை அறிந்தால் அவ்வாறு சொல்லத் தோன்றாது. 1987-இல் நாடாளுமன்ற உறுப்பினரான ஹாவிஸ்தோ, 1995-இல் பிரதமர் லிப்போனனின் அமைச்சரவையில் சுற்றுச்சூழல் அமைச்சரானார். மேற்கு ஐரோப்பாவில் ஒரு தேசிய அரசில் பசுமைக் கட்சி இடம்பெற்றது அதுவே முதல் முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'நத்தூரா 2000' இயற்கைப் பாதுகாப்புத் திட்டத்துக்கு நில உரிமையாளர்கள் கடும் எதிர்ப்புக் காட்டிய காலத்தில் அத்துறையின் பொறுப்பு அவரிடமே இருந்தது.

அவரை உருவாக்கியது அதன் பிறகு வந்த பணி என்பது என் கருத்து. 1999-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், யூகோஸ்லாவியா மீதான நேட்டோ குண்டுவீச்சின் சூழல் பாதிப்பை ஆராய அமைத்த குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். செர்பியாவின் பான்செவோ, நோவி சாத், கிராகுயெவாத்ஸ், போர் (Bor) ஆகிய 4 நகரங்களில் உடனடித் தூய்மைப்பணி தேவை என்று அக்குழு அறிவித்தது. பான்செவோவின் தொழிற்சாலைகளிலிருந்து பாதரசமும் நச்சு வேதிப்பொருள்களும் மண்ணிலும் நீரிலும் கலந்திருந்தன. கொசோவோவில் எஞ்சிய, செறிவு குறைந்த யுரேனியத்தாலான (அணுகுண்டு அல்லாத) குண்டுகள், ஆப்கானிஸ்தான், ஈராக் என அப்பணி 2005 வரை நீண்டது. பின்னர் அதே நேட்டோவில் தம் நாட்டைச் சேர்க்கும் கடிதத்தில் கையெழுத்திட்டவர், அதன் குண்டுகள் விட்டுச்சென்ற நஞ்சை நேரில் ஆராய்ந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

ரஷ்யாவைப் பற்றிய எச்சரிக்கையும் 2022-இல் திடீரெனப் பிறந்ததன்று. ரஷ்யாவின் ரோசாட்டம் நிறுவனத்தோடு இணைந்து பின்லாந்தின் பியூஹாயோகியில் அணுமின் நிலையம் அமைக்கும் திட்டத்தை அரசு ஆதரித்ததால், 2014 செப்டம்பரில் பசுமைக் கட்சி ஆட்சியிலிருந்து வெளியேறியது. வளர்ச்சி உதவித்துறை அமைச்சராக இருந்த ஹாவிஸ்தோவும் பதவியை விட்டார். உக்ரைன் மீது படையெடுப்பு நடந்தபின், 2022 மே மாதத்தில் அந்த ஒப்பந்தம் ரத்தானது. அதே மாதத்தில்தான் நேட்டோ கடிதமும் கையெழுத்தானது.

கேள்வி: இத்தகையவர் ஏன் அதிபராகவில்லை?

பதில்: அவர் 3 முறை போட்டியிட்டார். 2012-இல் இரண்டாம் சுற்றில் 37.4 விழுக்காடு பெற்று வலதுசாரி தேசியக் கூட்டணிக் கட்சியின் நீனிஸ்தோவிடம் தோற்றவர், 2024-இல் 48.4 விழுக்காடு பெற்று அதே கட்சியின் ஸ்டுப்பிடம் மிக நெருக்கத்தில் தோற்றார். பின்லாந்து அதிபரின் முதன்மைப் பணி வெளியுறவு; ரஷ்ய எல்லை குறித்த கவலை மேலோங்கிய அத்தேர்தலில் இருவர் நிலைப்பாட்டிலும் பெரிய வேறுபாடு இல்லாததால், கட்சிச் சார்புகளே பெரிதும் முடிவைத் தீர்மானித்தன என்று கருதுகிறேன். ஒரு சிறிய கட்சியைச் சேர்ந்தவர், பழமைவாத வாக்காளர் நிறைந்த ஊரகப் பகுதிகளையும் தாண்டி ஏறத்தாழப் பாதி நாட்டின் ஆதரவைப் பெற்றது சாதாரணச் செய்தியன்று.