சக்கரமும் தண்டவாளமும் பாலமும்: கேள்வி பதில்

கேள்வி: 24.4 மீட்டர் கர்டர் பாலத்தில் ரயில் 108 கி.மீ. வேகத்தில் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்கிறேன். தண்டவாளத்தில் மேடு பள்ளம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் சக்கர விசை வரைபடத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக முனைகள் வருகின்றனவே, ஏன்?
(திருச்சி வாசகர்)

பதில்: ஒரு முனைக்கும் அடுத்ததற்கும் நடுவே சக்கரம் எவ்வளவு தூரம் போகிறது என்று முதலில் பாருங்கள். 108 கி.மீ. என்றால் நொடிக்கு 30 மீட்டர். முனைகள் நொடிக்கு 50 வந்தால் 60 செ.மீ.க்கு ஒன்று; அது ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) இடைவெளி. ஸ்லீப்பருக்கு மேல் விறைப்பு, நடுவில் லேசான தொய்வு. இது நிஜமாகவே இருப்பது. ஆனால் மெல்லிய அலையாகத்தான் தெரியும், கூராக இராது.

நொடிக்கு 200 என்றால் 15 செ.மீ.க்கு ஒன்று. தண்டவாளத்தில் அந்த இடைவெளியில் எதுவுமே கிடையாது. உங்கள் எலிமெண்டின், அதாவது கணக்குக்காகத் தண்டவாளத்தைப் பிரித்த ஒவ்வொரு துண்டின், நீளம் 15 செ.மீ.யா? அப்படியானால் கோளாறு அங்கேதான். சக்கரத்துக்கு அடியில் தண்டவாளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை, துண்டின் இரு ஓரப் புள்ளிகளான நோடுகளை நேர்கோட்டால் இணைத்துக் கணக்கிட்டிருப்பீர்கள். ஒவ்வொரு நோடிலும் சரிவு சட்டென்று மாற, சக்கரம் இடறுகிறது. எலிமெண்டைச் சின்னதாக்கினால் பற்கள் சின்னதாகும், போகாது. நோடின் சுழற்சியையும் (அந்தப் புள்ளியில் தண்டவாளம் எவ்வளவு சாய்கிறது என்பதையும்) சேர்த்து முப்படி வளைவால் இணையுங்கள். சக்கர விசையை நோடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போதும் அதே வளைவுதான். இரண்டுக்கும் வெவ்வேறு வைத்தால் இல்லாத ஆற்றல் கணக்கில் நுழைந்துவிடும்.

டைம் ஸ்டெப்பையும் (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள நேர இடைவெளி) பாருங்கள். 5 மில்லி செகண்டில் சக்கரம் 15 செ.மீ. தாவிவிடும், இரு தண்டவாளங்கள் சேரும் ஜாயின்டில் இடைவெளி இருப்பதே அதற்குத் தெரியாது. 0.1 வைத்தால் 3 மி.மீ.

கேள்வி: சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே சாதாரண ஸ்பிரிங் போதுமா?
(மதுரை வாசகர்)

பதில்: பாலம் எவ்வளவு தொய்கிறது என்பது மட்டும் வேண்டுமானால் தாராளமாகப் போதும். சக்கரத்தின் வட்டம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையானது, வெல்டிங் மேடு போன்றவற்றுக்கு ஹெர்ட்ஸ் விதி தேவை: விசை, அமுங்கலின் 3/2 அடுக்குக்கு ஏற்ப உயரும். எதுவானாலும், சக்கரம் எழும்பியதும் விசை பூஜ்ஜியமாக வேண்டும். இந்த நிபந்தனையை விட்டுவிட்டால் சக்கரம் தண்டவாளத்தை மேலே இழுக்கும்! விசை எங்காவது மைனஸில் போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ரயிலைப் பாலத்தின் விளிம்பில் கொண்டுபோய் வைக்காதீர்கள். முதலில் சொந்த எடையில் அமர்த்தி, பாலத்துக்கு முன்பே 20, 30 மீட்டர் தண்டவாளத்தில் ஓடவிடுங்கள். இல்லையேல் ஆரம்பக் குதியாட்டத்தைப் பாலத்தின் அதிர்வென்று எண்ணிவிடுவீர்கள்.

கேள்வி: 108 கி.மீ. வேகத்தில் ரெசனன்ஸ் வருமா?
(சேலம் வாசகர்)

பதில்: பெட்டிகள் வரும் தாளமும் பாலத்தின் சொந்த ஆட்டமும் ஒத்துப்போய் ஆட்டம் பெருகுவதுதான் ரெசனன்ஸ். பாலத்தின் அதிர்வெண்ணைப் பெட்டி நீளத்தால் பெருக்குங்கள். 5 ஹெர்ட்ஸ், 24 மீட்டர் என்றால் நொடிக்கு 120 மீட்டர், அதாவது 432 கி.மீ. அதில் பாதி, மூன்றிலொன்று, நாலிலொன்று வேகங்களிலும் ரெசனன்ஸ் தலைகாட்டும். 108 அந்த நாலிலொன்று. பயப்பட அதிகமில்லை. அடுத்த பெட்டி வருவதற்குள் பாலம் நான்கு முறை ஆடிவிடும். 1 சதவீத டாம்பிங் (ஆட்டத்தைத் தணிக்கும் தன்மை) இருந்தாலே அதற்குள் ஆட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதிர்வெண் கணக்கிடும்போது ஜல்லியின் எடையைச் சேர்க்க மறக்காதீர்கள்.