குடும்பத்தோடு டிங்கி என்ற சின்னப் பாய்ப்படகு கற்கும் விடுமுறைக்குக் கிரீஸ் போகலாம் என்றிருக்கிறோம். கடற்கரை கிளப்பை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியைவிட, அதன் கீழே நீங்கள் போட்டிருந்த விவரம்தான் என்னை எழுத வைத்தது. "பிள்ளைகளுக்கு வயது 9, 13. நாங்கள் மூவரும் படகு கற்றுக்கொள்வோம். மனைவிக்கு நீச்சல் தெரியாது, அவர் கரையில் ஓய்வெடுப்பார்." இதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா? எங்கள் வீட்டிலும் இப்படித்தான் திட்டம் போட்டார்கள். நீச்சல் தெரியாத நான் நாற்பது வயதுக்கு மேல்தான் சுக்கானைத் திருப்பும் டில்லர் கட்டையைப் பிடித்தேன். இன்றைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வளைகுடாவைக் குறுக்கே கடந்து, திரும்பக் கொண்டுவந்து கரை சேர்ப்பேன். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயிற்றுநர் இல்லை, எந்த நிறுவனத்துக்கும் ஆள் பிடிக்கவும் இல்லை. "வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு நமக்கு எதற்கு, கடலோரத்தில் பிறந்துவிட்டுக் காசு கொடுத்துப் படகு ஓட்டுவதா" என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள், தெரியும். என் அப்பா தூத்துக்குடிக்காரர், பாய் வைத்த தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோன காலத்து ஆள். பாயும் மரமும் நமக்குப் புதிதில்லை. வீட்டுப் பெண்களை அதில் ஏற்றியதில்லை, அவ்வளவுதான். செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆமாம், கூடுதல்தான். ஒரு வருடம் ஊருக்குப் போவதை விட்டுவிட்டுத்தான் நாங்கள் போனோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்று வைத்துக்கொள்கிறேன். நீல்சன், மார்க் வார்னர் மாதிரி பிரிட்டிஷ் நிறுவனங்கள் நடத்தும் இந்தக் கிளப்களில் ஏற்பாடு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கடற்கரையில் படகுகள் வரிசையாக நிற்கும், பயிற்றுநர்கள் இருப்பார்கள், ஆபத்து என்றால் ஓடிவர மோட்டார் படகு இருக்கும். அறை, சாப்பாடு, படகு எல்லாம் ஒரே கட்டணத்தில் வந்துவிடும். பாடத்துக்குத் தனியாகக் கட்டணம் உண்டா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். படங்களில் நீச்சல் குளம் இருக்கும், அறை இருக்கும், காலைச் சாப்பாட்டு மேசை இருக்கும். அங்கே காற்று எப்படி என்பதைப் படத்தில் பார்க்க முடியாது. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதோ அதைத்தான்.

எங்களுடைய முதல் பயணம் கிரீஸின் கிழக்குப் பக்க ஏஜியன் கடலில் ஒரு தீவுக்கு, ஆகஸ்ட் மாதம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். "புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற இடம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். விடுதி அருமை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஏஜியனில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று வீசும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்திருக்கும், துருக்கியின் உள்நிலம் வெயிலில் காய்ந்து அங்கே அழுத்தம் இறங்கிவிடும், நடுவில் கிடக்கும் கடல்மேல் காற்று பாயும். பிடித்தால் நாள்கணக்கில் விடாது. வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது, அதனால் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு இதைப் போன்ற நல்ல நாள் கிடையாது என்று தோன்றும். புதியவர் கற்க, காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 3 போதும், அதாவது 7 முதல் 10 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு). எங்களுக்கு அங்கே மதியத்தில் 6 அடித்தது, 22 நாட் வேகத்துக்கும் மேல்.

கிளப் தீவின் தெற்குக் கரையில் இருந்தது. காற்று மலை தாண்டி, நிலத்திலிருந்து கடலுக்குள் வீசும். கரையோரத் தண்ணீரில் அலையே இல்லை. அப்பாவிடம் வீடியோ காலில் கடலைக் காட்டினேன். அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, விடுதியைப் பார்க்கவில்லை. "காத்து எங்கன இருந்து அடிக்கி?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "கரையில இருந்து கடலுக்கா? அப்பம் பிள்ளையளத் தனியா விட்டுராத தாயி. போறது லேசு, திரும்புறதுக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

அந்த வாரத்தில் பெரும்பாலும் புதியவர் படகுகள் கரையிலேயே கிடந்தன. படகை வெளியே விடாததைக் குறை சொல்லவில்லை, அது சரியான முடிவு. ஆகஸ்டில் இங்கே இப்படித்தான் என்று கடற்கரைப் பொறுப்பாளருக்கே தெரிந்திருக்கிறது, விற்பவர் மட்டும் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம். பிள்ளைகள் கொட்டகைக்குள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் போய் எனக்கும் பாடம் உண்டா என்று கேட்டபோது, வரவேற்பு மேசையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே யோகா வகுப்பு அட்டவணையை எடுத்து நீட்டினார். என் கணவரிடம் யாரும் யோகா அட்டவணையை நீட்டவில்லை.

அதற்கப்புறம் பணம் கட்டுமுன் நான் கேட்கும் கேள்விகளை உங்களுக்கும் தருகிறேன். மதியம் மூன்று மணிக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும், எத்தனை நாட் இருக்கும்? நாங்கள் வரும் மாதத்தில் ஒரு வாரத்தில் எத்தனை நாள் புதியவர்களை வெளியே விடுவதில்லை? போனில் பேசுபவருக்குத் தெரியாவிட்டால், கடற்கரையில் வேலை செய்பவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல கிளப் கேட்டுச் சொல்லும். காற்று கரைக்கு இணையாக அடித்தால் மிகவும் நல்லது, போகவும் வரவும் ஒரே சிரமம்தான். கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடித்தால் படகு காணாமல் போகாது, ஆனால் அலையை எதிர்த்து வெளியே போவது பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

நாங்கள் அடுத்து போனது கிரீஸின் மேற்கே அயோனியன் கடல் பக்கம், லெஃப்கடா தீவில் உள்ள வாஸிலிகி. பிரெவெசா விமான நிலையத்தில் இறங்கிச் சாலை வழியாகவே போய்விடலாம், தீவுக்குப் பாலம் உண்டு. அங்கே காலையில் கடலிலிருந்து மெல்லிய காற்று. மதியத்துக்கு மேல் மலைச்சரிவிலிருந்து பலமான காற்று இறங்கி வளைகுடாவின் குறுக்கே வீசும். அதற்கு அங்கே எரிக் என்று பேரே வைத்திருக்கிறார்கள். காலையில் புதியவர்களும் பிள்ளைகளும் கற்கலாம், மதியத்தில் தேர்ந்தவர்கள் ஹோபி கேட் என்ற இரட்டை உடல் பாய்ப்படகில் பறக்கலாம். ஒரே குடும்பத்தில் இரண்டு வகை ஆட்களும் இருந்தால் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. கிரீஸ்தான் வேண்டும் என்றில்லை என்றால் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் போர்னெல்ஸ் வளைகுடாவைப் பாருங்கள். வாய் குறுகலாக, உள்ளே நீளமாக ஓடும். வெளியே கடல் கொந்தளித்தாலும் உள்ளே பெரிய அலை வராது.

வாஸிலிகியில் என் பயிற்றுநர் இருபது வயதுப் பெண். நீச்சல் தெரியாது என்று சொன்னேன். "அப்படியானால் முதலில் கவிழ்ப்போம்" என்றாள். இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியதும் அவள் பாய் பக்கமாகச் சாய்ந்தாள், படகு பக்கவாட்டில் படுத்தது, நான் உள்ளே போனேன். மூக்கில் உப்பு, காதில் தண்ணீர், கண்ணெதிரே பச்சை. எண்ணுவதற்குள் மிதவைச் சட்டை என்னை மேலே தூக்கிவிட்டது. தலைக்கு மேலே பாய்க்கயிறு மிதந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் பின்பக்கமாக நீந்திச் சுற்றிவந்து, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த டாகர்போர்டு பலகையில் ஏறி நின்றாள். நான் உள்பக்கம் படகை ஒட்டிப் படுத்து, கால் மாட்டும் பட்டையைப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. அவள் தன் எடையைப் பின்னால் கொடுத்ததும் பாய் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே எழுந்தது, படகு நிமிரும்போது என்னையும் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தது. எனக்கு இருந்த பயத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விட்டது. அதற்கப்புறம் காற்றையும் பாயையும் கவனிக்க முடிந்தது. பாயின் முன்விளிம்பு படபடக்கும், கயிற்றை ஒரு சாண் இழுத்தால் அடங்கும், படகு முன்னால் பாயும். உள்ளங்கையில் அது தெரியும்.

நீச்சல் தெரியாதவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிங்கியில் கொடுக்கும் மிதவைச் சட்டை பெரும்பாலும் மிதக்க வைக்கும் விசை 50 நியூட்டன் உள்ள வகை. நினைவோடு இருப்பவரை மிதக்க வைக்கும். நினைவு தப்பியவரின் முகத்தை மேலே திருப்பிவிடும் என்று நம்ப முடியாது, அதற்கு 150 நியூட்டன் உயிர்காப்புச் சட்டை வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே கிளப்பிடம் சொல்லுங்கள் என்கிறேன். சில இடங்களில் குறைந்தபட்ச நீச்சல் கேட்பார்கள். போகுமுன் பக்கத்து நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள் தலையை விட்டு எடுக்கப் பழகினாலே பெரிய வித்தியாசம்.

பிள்ளைகள் விஷயம் சுருக்கமாக. சிறுவர் கிளப்பில் வாரத்தில் எத்தனை பாடம் தண்ணீரில், எத்தனை கரையில் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் சின்னவருக்கு 9 வயது, ஆப்டிமிஸ்ட் அல்லது பிக்கோ வகைச் சின்னப் படகு சரியாக இருக்கும். 13 வயதுக்காரரை ஆப்டிமிஸ்ட்டில் உட்கார வைத்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், அவருக்கு ஒற்றை ஆள் ஓட்டும் டாப்பர் அல்லது இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து ஓட்டும் ஆர்எஸ் ஃபேவா படகு கேளுங்கள். பிரிட்டனின் பாய்ப்படகுச் சங்கமான ஆர்ஒய்ஏ (RYA) அங்கீகாரம் உள்ள பயிற்சி மையமா என்று பாருங்கள். ஒற்றை ஆள் படகுகளுக்கு 6 பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பது அவர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு. முடிந்தால் கிளம்புமுன் வீட்டுப் பக்கத்து ஏரியில் ஒரு வார இறுதியில் அவர்களுடைய தொடக்கப் பாடமான லெவல் 1 முடித்துவிடுங்கள், அங்கே போய் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த மாதம் என்பதில்தான் எனக்கு ஆற்றாமை. மே மாதக் கடைசியில் வரும் அரைப்பருவ விடுமுறையில் விலை குறைவு, காற்று மென்மை, தண்ணீர் மட்டும் குளிரும். ஆனால் நம்மைப் போல இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கிரீஸ், ஸ்பெயின் போக ஷெங்கன் விசா வேண்டுமே. கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்கத் தொடங்க முடியும், அந்த நேரம் போய்ப் பார்த்தால் நேர்காணலுக்கு இடமே இருக்காது. இரவு பன்னிரண்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து இடம் பிடித்திருக்கிறேன். மூன்று மாத வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், ஹோட்டல் பதிவு எல்லாம் கொடுத்த பிறகு, போய்வரும் தேதிக்கு மட்டும் அளந்து விசா தந்தார்கள். இத்தனை வருடம் ஒழுங்காக வரி கட்டி, போன நாடுகளிலிருந்தெல்லாம் தேதி தவறாமல் திரும்பிவந்த குடும்பத்துக்கு ஒவ்வொரு முறையும் இதே விசாரணை. என் பிள்ளைகள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அவர்களுக்கு இது எதுவும் இல்லை. பள்ளி நாளில் போகலாம் என்றால் 2024 ஆகஸ்டிலிருந்து அபராதம் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு, 21 நாளில் கட்டாவிட்டால் 160. உங்கள் வீட்டில் யாருக்கு விசா வேண்டும் என்று பார்த்து, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

உங்கள் மனைவிக்கு: முதல் பாடத்துக்கு வேஃபேரர், ஆர்எஸ் குவெஸ்ட் மாதிரி அகலமான படகும், கூடவே படகில் ஏறும் பயிற்றுநரும் வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். கையுறை, நனைந்தாலும் கழலாத செருப்பு, கயிறு வைத்த தொப்பி போதும். ஆரம்பப் பாடங்களில் நீங்கள் இருவரும் ஒரே படகில் ஏறாதீர்கள். முதலில் நீங்கள் டில்லரைப் பிடித்துவிட்டால் அப்புறம் வாரம் முழுக்க அது அவர் கைக்கு வராது.