தபார்ரோ தையல் படிக்க விரும்பும் மகள்: பெற்றோருக்கு ஒரு பதில்

இத்தாலி போய்த் தபார்ரோ தைக்கக் கற்க வேண்டும் என்ற உங்கள் மகளின் ஆசை நல்லதுதான். ஆனால் தபார்ரோவை மட்டும் நம்பி இத்தாலிக்குப் பணம் கட்டாதீர்கள். வட இத்தாலியின் வெனெத்தோ, எமிலியா-ரொமாஞா பகுதிகளின் இந்தக் கம்பளி மேலங்கி, அதாவது கையில்லாமல் போர்த்திக்கொள்ளும் வட்ட அங்கி, ஓவர்கோட் பரவியதும் வழக்கொழிந்தது. வெனிஸ் அருகே மிரானோவில் சாந்த்ரோ சாரா போன்றவர்கள் அதை மீட்டார்கள். இன்றும் அது குளிர்கால உடை, தைப்பவை சிறு பட்டறைகள். அதனால் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரி வரைதல்), கோட் தையல் இரண்டும் முதன்மைப் படிப்பாக இருக்கட்டும். மிலானின் செகோலி நிறுவனம் 1934 முதல் பேட்டர்ன் கற்பிக்கிறது.

கல்லூரி தேடும் முன் மகளை ஒரு மேலங்கி வெட்டச் சொல்லுங்கள். கை வருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முழுவட்டத் தபார்ரோ என்பது இரண்டு அரைவட்டங்கள், முதுகில் ஒரு தையல். கழுத்துச் சுற்று 42 செ.மீ. என்றால் கழுத்து வட்டத்தின் ஆரம் சுமார் 6.7 செ.மீ. இதில் 1 செ.மீ. கூடினாலே சுற்றில் 6 செ.மீ.க்கு மேல் கூடிவிடும். வெட்டிய கழுத்தைச் சுருக்க வழியில்லை. எனவே முதலில் 6 வைத்து வெட்டி, போட்டுப் பார்த்து விரிக்க வேண்டும். நீளம் 115 என்றால், 150 செ.மீ. அகலத் துணி சுமார் 5 மீட்டர் பிடிக்கும்.

பலர் சறுக்குவது துணி விரிப்பதில். இரண்டு அரைவட்டங்களையும் ஒரே கரையை ஒட்டி வெட்டினால், முதுகுத் தையலின் ஒரு பக்கம் ரோமம் (துணியின் மேற்பரப்பு இழைகள்) கீழ்நோக்கியும் மறுபக்கம் மேல்நோக்கியும் படியும். ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். இரண்டாவதை எதிர்க்கரையில் வைக்க வேண்டும்.

தைத்ததும் ஒரு நாள் தொங்கவிட்ட பிறகே கீழ்விளிம்பைச் சமன் செய்யலாம், கிராஸ் விழும் இடங்கள், அதாவது நூலோட்டம் சாய்வாக வரும் இடங்கள், அதற்குள் இறங்கிவிடும். நன்கு இறுக்கிய கம்பளி பிரியாது. ஆகவே விளிம்பை மடிக்காமல் விடுவதே மரபு. மடித்தால் வட்டம் சுருக்கம் விழும். இன்னொன்று, கழுத்துக் கொக்கி. ஒரு பக்கத்தைத் தோளுக்கு மேல் வீசிப் போடும்போது இழுப்பு முழுவதும் அதன்மேல் விழும். பின்னால் கேன்வாஸ் (விறைப்பான உள்துணி) வைக்காவிட்டால் துணி கிழியும்.

முதல் முயற்சி விலை மலிவான கனத்த துணியில், பாதி அளவில் போதும். மேலே சொன்னவை சரியாக வந்தால் இத்தாலிய மொழி வகுப்பைத் தொடங்குங்கள். பட்டறையில் ஆங்கிலத்தை நம்பியிருக்க முடியாது. மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். அந்த நேரத்தைத் தையல் பட்டறைக்கே ஒதுக்கச் சொல்லுங்கள்.